துகள் கணக்கில் விழும் சேதாரம்

சூரியன் பால்வழி மண்டலத்தின் மையத்தை நொடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. மையத்திலிருந்து அதைவிட வெகுதூரம் தள்ளியிருக்கும் விண்மீன்களும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான் சுற்றுகின்றன. நியாயப்படி அவை மெதுவாகப் போக வேண்டும். சூரியக் குடும்பத்தில் அப்படித்தான் நடக்கிறது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. நெப்டியூனின் வேகம் ஐந்தரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எடை நடுவில் குவிந்திருந்தால், தூரம் கூடக்கூட ஈர்ப்பு தளரும், வேகமும் தளரும். விண்மீன் மண்டலங்களில் மட்டும் இந்த ஒழுங்கு ஏன் குலைகிறது?

கண்ணுக்குப் படும் விண்மீன்களும் வாயுவும் தூசியும் போக, 'கரும்பொருள்' எனப்படும் வேறு ஏதோ ஒன்று மண்டலம் முழுவதும் பரந்து கிடக்கிறது என்பதுதான் பெரும்பாலான இயற்பியலாளர்கள் ஏற்கும் விடை. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933இல் கோமா விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்ட பிறகு ஒதுக்கித் தள்ள முடியாமல் போயிற்று. அதற்குப் பின் சான்றுகள் வேறு திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியில் உள்ள ஏற்ற இறக்கங்களை அலசினால், சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் சற்று மேலாக இந்தக் கரும்பொருள் இருந்தாக வேண்டும் என்று வருகிறது. ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இரு விண்மீன் மண்டலக் கொத்துகளில், வாயு மோதி நடுவில் தங்கிவிட, எடையின் பெரும்பகுதி மட்டும் தடையின்றிக் கடந்து போயிருப்பதை, ஈர்ப்பால் ஒளி வளைவதைக் கொண்டு, 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேகம், பின்னணிக் கதிர், ஈர்ப்பால் வளையும் ஒளி ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகள்; மூன்றும் ஒரே தொகையைச் சொல்கின்றன.

இருக்கிறது என்பது வரை சரி. எதனால் ஆனது என்பதில்தான் சிக்கல். நீண்ட காலமாக முதல் இடத்தில் இருந்த வேட்பாளர், புரோட்டானைப்போல் பத்து முதல் ஆயிரம் மடங்கு எடையுள்ள, மற்றவற்றோடு அரிதாகவே உறவாடும் ஒரு துகள். பால்வழி முழுக்க அது நிறைந்திருந்தால் பூமி அதற்குள் நீந்திக்கொண்டுதான் இருக்கிறது. எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவின் மேல் இடிக்கும். அணுக்கரு சற்று நகரும். அந்த அசைவைப் பிடித்துவிடலாம். இந்த எண்ணத்தில்தான் இத்தாலியின் கிரான் சாசோ மலையடியிலும் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்திலும் டன் கணக்கில் திரவ செனானை நிரப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள். கருவிகளின் கூர்மை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் இடிகூட இன்னும் பதிவாகவில்லை.

துகள் இலேசானதாக இருந்தால் இந்த வழி அடைபட்டுப்போகும். ஏன் என்பதை எண்களே சொல்லிவிடும். துகள் உலகில் எடையையும் ஆற்றலையும் எலக்ட்ரான்வோல்ட் என்ற ஒரே அலகில் எழுதுவது வழக்கம். புரோட்டானின் எடை ஏறத்தாழ நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட். இதைச் சுருக்கி ஒரு ஜிஇவி என்பார்கள். நூறு ஜிஇவி எடையுள்ள கரும்பொருள் துகள் நொடிக்கு 220 கிலோமீட்டரில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 27,000 எலக்ட்ரான்வோல்ட். செனான் அணுக்கருவின் எடையும் அதே தரத்தில் இருப்பதால், நேருக்கு நேர் மோதினால் ஏறக்குறைய அத்தனையையும் கொடுத்துவிடும். கருவிக்குத் தேவைப்படுவது ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் அளவு. அது தாராளமாகக் கிடைக்கும். இப்போது துகளின் எடையைப் புரோட்டானில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்க்கலாம். கொண்டுவரும் ஆற்றலே 27 எலக்ட்ரான்வோல்ட்தான். தன்னைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கனத்த செனான் கருவை அது இடித்தால், கருவுக்குப் போய்ச் சேர்வது ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கருவி அதை உணரவே உணராது. கனமான கருக்களை விட்டுவிட்டு எலக்ட்ரான்களின் அசைவைப் பார்க்கும் சிறு சிலிக்கான் கருவிகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஆனாலும் அடிப்படை இடைஞ்சல் மாறவில்லை: வானிலிருந்து வருவது மெதுவாக வருகிறது.

இலேசான துகளை இத்தனை நாள் ஏன் யாரும் பொருட்படுத்தவில்லை என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு உண்டு. தொடக்ககாலப் பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தபோது கரும்பொருள் துகள்கள் இணை இணையாகத் தோன்றி, இணை இணையாக அழிந்துகொண்டிருந்தன. பிரபஞ்சம் விரிந்து ஆறியதும் ஒன்றையொன்று சந்திப்பது நின்றுபோயிற்று; அழியாமல் தப்பியவைதான் இன்று மிச்சம். எளிதில் அழியக்கூடியவை என்றால் மிச்சம் கொஞ்சம். அழிய மறுப்பவை என்றால் மிச்சம் ஏராளம். அழிவதற்கு உதவும் விசை நமக்குத் தெரிந்த வலுக்குறைந்த அணுக்கரு விசைதான் என்று வைத்துக்கொண்டு பெஞ்சமின் லீயும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1977இல் கணக்குப் போட்டார்கள். துகளின் எடை இரண்டு ஜிஇவிக்குக் கீழே போனால் மிச்சம் அளவுக்கு மீறிவிடும், இன்றைய பிரபஞ்சத்தோடு ஒத்துவராது என்று விடை வந்தது. அந்த எல்லைக்குக் கீழே தேடுவதற்கு வெகுகாலம் யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது: தெரிந்த விசை மட்டுமே என்பது. கரும்பொருளுக்கென்று தனியாக ஒரு விசையும், அதைச் சுமக்க ஒரு துகளும் இருந்தால் எல்லை தகர்ந்துவிடும். மின்காந்த விசையைச் சுமப்பது ஃபோட்டான், அதாவது ஒளித்துகள். அதே சாயலில், ஆனால் எடையோடு, ஓர் 'இருள் ஃபோட்டான்' இருக்கலாம். நமது ஃபோட்டானோடு அது மிகச் சிறிதளவு கலந்திருக்க முடியும் என்று பாப் ஹோல்டம் 1986இலேயே காட்டியிருந்தார். 2000களின் தொடக்கத்தில் செலின் போம், பியர் ஃபயே போன்றோர் இந்த வழியில் எலக்ட்ரானைவிடச் சற்றே கனமான கரும்பொருள்கூடச் சாத்தியம் என்று எழுதியபோது கதவு திறந்தது. எலக்ட்ரான் எடைக்கும் புரோட்டான் எடைக்கும் இடைப்பட்ட அகன்ற வெளியைத்தான் இன்று 'இலேசான கரும்பொருள்' என்ற பெயரில் துழாவுகிறார்கள். இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மிச்சம் எவ்வளவு என்பது வானத்திலிருந்து தெரிந்துவிட்டதால், கலப்பு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடுகிறது. எதுவரை தேட வேண்டும் என்று முன்கூட்டியே குறி வைக்க முடிகிற வேட்டைகள் இயற்பியலில் அதிகம் இல்லை.

கலப்பு என்றால், ஃபோட்டான் பிறக்கும் இடத்தில் எல்லாம் மிக அரிதாக ஓர் இருள் ஃபோட்டானும் பிறக்கும் என்று பொருள். ஃபோட்டான்களை வேண்டிய மட்டும் பிறப்பிக்கத் துகள் முடுக்கியைவிட நல்ல கருவி கிடையாது. எலக்ட்ரானையும் புரோட்டானையும் ஒளிவேகத்துக்கு மிக அருகில் விரட்டி மோதவிடும் எந்திரம் அது. அங்கே பிறக்கும் கரும்பொருளும் வேகமாகவே பிறக்கும். வானிலிருந்து வருவதன் மந்தம் இங்கே இல்லை. பிறந்தது எந்தக் கருவியிலும் தடம் பதிக்காமல் நழுவிவிடும் என்பதுதான் இங்கு எழும் சிக்கல். தடமே இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நகை வாங்கிய எவருக்கும் ரசீதில் 'சேதாரம்' என்ற வரி பழக்கம். பட்டறைக்குத் தங்கத்தை எடைபோட்டுக் கொடுப்பார்கள். நகை முடிந்ததும் நகையின் எடை, வெட்டிய துண்டுகளின் எடை, அரத்தில் ராவிய தூளின் எடை எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எறிவதில்லை. அதை அரித்துப் பொன் எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அதற்குப் பிறகும் கொடுத்ததற்கும் வந்ததற்கும் இடையே ஒரு சிறு வித்தியாசம் விழும். வழக்கமான அளவுக்குள் இருந்தால் அது சேதாரம். அதற்கு மேல் போனால் தங்கம் எங்கேயோ வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். எடுத்தவரை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. துகள் மோதலில் தங்கத்தின் இடத்தில் இருப்பவை ஆற்றலும் உந்தமும். இவை இரண்டும் ஒருபோதும் அழிவதில்லை. உள்ளே போனது இவ்வளவு, வெளியே வந்தவற்றின் கூட்டுத்தொகை இவ்வளவு, இடையே குறைவது எவ்வளவு என்று பார்ப்பதுதான் முறை. இதற்கு 'விடுபட்ட ஆற்றல்' முறை என்று பெயர் சொல்லலாம்.

இந்த முறைக்கு நல்ல வரலாறு உண்டு. கதிரியக்கச் சிதைவில் எலக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றல் கணக்குக்குக் குறைவாகவே இருக்கிறது என்பதைக் கண்டு, கண்ணில் படாத ஒரு துகள் மிச்சத்தை எடுத்துச் செல்கிறது என்று வொல்ஃப்காங் பவுலி 1930இல் சொன்னார். 26 ஆண்டுகள் கழித்து, 1956இல், அந்த நியூட்ரினோ நேரடியாகப் பிடிபட்டது. இன்னும் அழகான எடுத்துக்காட்டு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் எந்திரம். அங்கே உண்டான, வலுக்குறைந்த அணுக்கரு விசையைச் சுமக்கும் இசட் துகள்களில் எத்தனை பங்கு காணாமல் போகிறது என்று அளந்தே, இலேசான நியூட்ரினோ வகைகள் மூன்றுதான், நான்காவது இல்லை என்று தீர்மானித்தார்கள். அளவீட்டில் வந்த எண் 2.98. பார்க்காத பொருளை எண்ணிச் சொன்ன கணக்கு அது.

இந்தக் கணக்கு சுத்தமாக விழ வேண்டுமானால், உள்ளே போடும் எடை துல்லியமாகத் தெரிய வேண்டும். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதும் எந்திரங்களில் அது தெரியும். ஜப்பானின் சுகுபா நகரில் மூன்று கிலோமீட்டர் சுற்றளவுள்ள சூப்பர்கெக்பி எந்திரம் அப்படிப்பட்டது. 7 ஜிஇவி எலக்ட்ரான்களும் 4 ஜிஇவி பாசிட்ரான்களும் அங்கே எதிரெதிரே ஓடி ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மோதலுக்குப் பயன்படும் ஆற்றல் 10.58 ஜிஇவி. முதல் மோதல் 2018 ஏப்ரலில் நடந்தது. சந்திப்பிடத்தைச் சூழ்ந்து நிற்கும் பெல்-2 கருவியில் இந்தியக் குழுக்கள் பல பங்கேற்கின்றன. கருவியின் நடுவில் உள்ள சிலிக்கான் உணரியில் ஓர் அடுக்கை மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் முன்னின்று கட்டித் தந்தது. சென்னையிலிருந்து பங்கேற்பது அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸ், அங்கே இயற்பியல் துறையில் ஜேம்ஸ் லிபியும் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர்களும் முந்தைய பெல் காலத்திலிருந்தே இந்தத் தரவுகளில் உழைத்து வருகிறார்கள். அவர்களுடைய முதன்மை வேலை பி-மெசான் போன்ற கனமான துகள்களின் சிதைவு. கரும்பொருள் தேடல் அதே கருவி, அதே தரவு ஆகியவற்றின் இன்னொரு பயன்.

பெல்-2இல் தேடும் காட்சி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மறைகின்றன, ஒரே ஒரு ஃபோட்டான் வெளிப்படுகிறது, எதிர்ப்பக்கம் வெறுமை. எதிர்ப்பக்கம் போனது இருள் ஃபோட்டான். அது உடனே இரண்டு கரும்பொருள் துகள்களாகப் பிரிந்து மறைந்துவிட்டது என்பது கருதுகோள். இங்கே தப்பியோடியதன் எடையையும் சொல்லிவிட முடியும் என்பதுதான் சிறப்பு. இரண்டுக்கும் பங்கு பிரிக்க வேண்டிய ஆற்றல் மாறாதது. கனத்த துகள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் ஃபோட்டானுக்கு அந்த அளவு குறையும். இருள் ஃபோட்டான் எடை 6 ஜிஇவி என்றால் கூட வரும் ஃபோட்டானுக்குச் சுமார் 3.6 ஜிஇவி. எடை ஏறக்குறையச் சுழியம் என்றால் ஃபோட்டானுக்குச் சரிபாதியான 5.29. ஒற்றை ஃபோட்டான்களின் ஆற்றலை வரைபடத்தில் குவித்தால், ஏதோ ஓரிடத்தில் ஒரு சிறு மேடு எழும்ப வேண்டும். மேடு நிற்கும் இடமே எடை.

எளியது என்று சொன்னது காட்சியை மட்டும்தான். செய்துபார்ப்பது வேறு. மோதல் எந்திரத்தில் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை கற்றைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. பெல்-2 பதிந்துவைக்கக்கூடியது நொடிக்கு அதிகபட்சம் 30,000 நிகழ்வுகள். எதைப் பதிவது, எதை விடுவது என்று மின்னணுச் சுற்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். ஒற்றை ஃபோட்டான் என்பது அந்தச் சுற்றுக்குக் குப்பைபோலத் தோன்றும். பழைய பெல் கருவியில் அதைப் பதிவதற்கான ஏற்பாடே இல்லை. போட்டிக் கருவியான அமெரிக்காவின் பாபர், தன் ஆயுளின் கடைசிக் காலத்தில் மட்டும் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டது. அந்தச் சிறு பகுதித் தரவிலிருந்து 2017இல் வந்த முடிவு இன்றுவரை ஓர் அளவுகோலாக நிற்கிறது. பெல்-2 தொடக்கத்திலேயே ஒற்றை ஃபோட்டானுக்கு இடம் ஒதுக்கியது. தேடத் தெரியாததைப் பதிவதில்லை. பதியாததைப் பிறகு தேட முடிவதில்லை. பல கோடி ரூபாய்க் கருவியில்கூட இதுதான் நிலைமை.

அடுத்த தொல்லை ஓட்டைகள். ஃபோட்டான்களைப் பிடிக்க, சீசியம் அயோடைடு என்ற உப்பின் படிகங்கள் 8,736 பெல்-2இல் சுற்றிலும் அடுக்கப்பட்டுள்ளன. தாலியம் சிறிது கலந்த இந்தப் படிகத்துக்குள் ஃபோட்டான் நுழைந்தால் அது மினுங்கும். மினுக்கத்தை அளந்தால் ஆற்றல். ஆனால் படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். உருளைப் பகுதி முடிந்து மூடிப் பகுதி தொடங்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி இரண்டு ஃபோட்டான்களைத் தருவது அன்றாடம் நடப்பது. அவற்றில் ஒன்று இடைவெளி வழியே நழுவிவிட்டால், எஞ்சியது ஒற்றை ஃபோட்டான், ஆற்றல் சரியாக 5.29. மிக இலேசான இருள் ஃபோட்டானின் அடையாளமும் அச்சு அசலாக இதுவே. பட்டறைக் கணக்கில் இதுதான் நியாயமான சேதாரம். அதன் அளவு தெரியாமல் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் உருளைப் பகுதியின் படிகங்களை மோதலிடத்தை நேரே நோக்கி நிறுத்தாமல், ஒரு பாகைக்குச் சற்று மேல் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். நேர்கோட்டில் வரும் ஃபோட்டான் இடைவெளிக்குள் புகுந்தாலும் பாதி வழியில் ஒரு படிகத்தில் முட்டிக்கொள்ளும். அப்படியும் தப்புவதைக் காந்தத்துக்கு வெளியே உள்ள இன்னொரு கருவி அடுக்கு கவனித்து, 'இங்கே ஒன்று போனது' என்று சொல்லும். தேடலின் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஓட்டைகளின் வரைபடத்தைத் தயாரிப்பதிலேயே கழிகிறது. கட்டுரைகளில் இதற்கு இரண்டு பத்திதான் கிடைக்கும்.

பெல்-2 வெளியிட்ட முதல் இயற்பியல் முடிவே இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். 2018இன் வெள்ளோட்டத் தரவைக் கொண்டு, இரண்டு மியூவான்களும் விடுபட்ட ஆற்றலும் கொண்ட நிகழ்வுகளை அலசி, கண்ணுக்குத் தெரியாமல் சிதையும் ஒரு புதிய விசைத்துகளைத் தேடி 2020இல் வெளியிட்டார்கள். மேடு எதுவும் எழவில்லை. கூடுதல் தரவோடு 2023இல் மறுபடி பார்த்தபோதும் எழவில்லை. அதே 2023இல் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு சலசலப்பு வந்தது. பி-மெசான் ஒரு கேயானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதையும் அரிய நிகழ்வுக்கு முதல் சான்று கிடைத்தது. அளவு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். காணாமல் போனவை எல்லாம் நியூட்ரினோதானா, இலேசான கரும்பொருளும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கோட்பாட்டாளர்கள் கட்டுரைகளைக் குவித்தார்கள். வித்தியாசம் புள்ளியியல்படி மூன்று சிக்மாவைக்கூடத் தொடவில்லை. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து தேவை. பொறுத்திருப்பதே உசிதம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் பங்கேற்கும் இன்னொரு பெரும் சோதனை செர்னின் சி.எம்.எஸ். அங்கே மோதுவது புரோட்டான்களோடு புரோட்டான்கள். ஆற்றல் பெல்-2ஐப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆனால் புரோட்டான் ஒரு தனித்துகள் இல்லை. குவார்க்குகளும் குளுவான்களும் சேர்ந்த மூட்டை. மோதும்போது எந்தக் குவார்க் எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று தெரியாது. உள்ளே கொடுத்த எடை தெரியாத கணக்கு. ஒரே ஆறுதல், மோதலுக்கு முன் பக்கவாட்டில் எந்த ஓட்டமும் கிடையாது என்பது நிச்சயம். எனவே மோதலுக்குப் பின்னும் பக்கவாட்டு உந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். ஒருபுறம் துகள் தாரை பீறிட, மறுபுறம் வெறுமை என்றால் ஏதோ தப்பியிருக்கிறது. கனமான கரும்பொருளுக்கு இது வலுவான முறை. இலேசான, நொய்ந்த கலப்புள்ள துகளுக்குக் குறைந்த ஆற்றலும் கணக்கற்ற மோதல்களும் கொண்ட எந்திரமே மேல்.

மோதவிடாமல், கற்றையை ஒரு தடித்த பொருளின் மேல் பாய்ச்சித் தேடும் முறையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த இ137 சோதனை அந்த வகை. 20 ஜிஇவி எலக்ட்ரான் கற்றை அடைப்பில் போய் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் 179 மீட்டர் தடிமனுள்ள குன்று. குன்றைத் தாண்டி 200 மீட்டருக்கு அப்பால் கருவி. நியூட்ரினோவைத் தவிர வழக்கமான துகள் எதுவும் குன்றைக் கடக்காது. கடந்து வந்து கருவியில் தட்டுவது பெரும்பாலும் புதிதாகத்தான் இருக்கும். எதுவும் தட்டவில்லை. அந்தச் 'சுழியம்' முப்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், இலேசான கரும்பொருளுக்கான எல்லையாக மறுவாசிப்புப் பெற்றது. யாரும் எதிர்பாராத வருமானம். சிகாகோவை அடுத்த ஃபெர்மிலாபில் மினிபூன் குழு 2013–14இல் புரோட்டான் கற்றையை இலக்கிலிருந்து விலக்கி நேரே இரும்பு அடைப்பில் விட்டு, ஏறத்தாழ 490 மீட்டர் தள்ளி 800 டன் கனிம எண்ணெய்த் தொட்டியில் காத்திருந்தது. விலக்கியதற்குக் காரணம், நியூட்ரினோ பிறப்பைக் குறைப்பது. கரும்பொருளைப்போலவே வேடமிடும் துகள் அது.

இம்முறையின் பலவீனம் இரட்டைத் தடை. கரும்பொருள் அடைப்பில் பிறப்பதும் அரிது, பிறந்தது கருவியில் இடிப்பதும் அரிது. முதலாவது பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டாவதும் அப்படியே என்றால், இரண்டும் சேர்ந்து நடப்பது லட்சம் கோடியில் ஒன்று. செர்னில் நடக்கும் என்ஏ64 சோதனை ஒரு தடையை அகற்றிவிட்டது. அங்கே 100 ஜிஇவி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் காந்தத்தின் வழியே விட்டு உந்தத்தைச் சரிபார்த்து, ஈயமும் மினுங்குபொருளும் மாறிமாறி அடுக்கிய கட்டைக்குள் செலுத்துகிறார்கள். கட்டையே இலக்கு, அதுவே தராசு. நூறு உள்ளே போய் ஐம்பதுக்கும் குறைவாகப் பதிந்து, பின்னால் உள்ள கருவிகளிலும் ஒன்றும் தென்படாவிட்டால் அது ஐயத்துக்குரிய நிகழ்வு. 2022 வரை சுமார் 94,000 கோடி எலக்ட்ரான்களை இப்படி எடைபோட்டார்கள். ஐயத்துக்குரியது ஒன்றும் மிஞ்சவில்லை. பால்வழிக்கு வேண்டிய கரும்பொருளைத் தரக்கூடிய எளிய கோட்பாடுகளின் ஒரு பகுதி அதோடு அடிபட்டுப்போயிற்று.

கண்ணில் படாமல் வந்து வெளியில் சிதையும் துகள் என்ற பேச்சு தென்னிந்தியாவுக்குப் புதிதில்லை. பெருவாரியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோ முதன்முதலில் பிடிபட்டது. அங்கிருந்தே 1975இல் விசித்திரமான செய்தி ஒன்று வந்தது. சில நிகழ்வுகளில் இரண்டு மூன்று தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து அகல விரிந்தன. பின்னோக்கி நீட்டினால் அந்தப் புள்ளி பாறைக்குள் விழவில்லை, பாறைச் சுவருக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள காற்றில் விழுந்தது. நியூட்ரினோ காற்றில் மோதுவதற்கு அங்கே பொருளே இல்லை. எனவே சில ஜிஇவி எடையுள்ள புதிய துகள் பாறையில் பிறந்து, கொஞ்சதூரம் ஓடிக் காற்றில் சிதைந்தது என்று அந்தக் குழு ஊகித்தது. செர்னும் ஃபெர்மிலாபும் தங்கள் நியூட்ரினோ கற்றைகளில் அப்படி ஏதும் பிறக்கிறதா என்று தேடின, கிடைக்கவில்லை. 'கோலார் நிகழ்வுகள்' என்ற பெயர் மட்டும் நின்றது.

அந்தப் பெயரை மறுபடி எடுத்தவர்கள் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் தன் வீடான ஏகாம்ர நிவாஸில் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கிலிருந்து 1962இல் உருவான நிறுவனம் அது. 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவைப் பாராட்டிப் பேசியது நிறுவனம் பிறக்க உதவிற்று. அதன் பேராசிரியர்கள் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2013இல் ஒரு கட்டுரையில், கோலாரில் சிதைந்தது பாறையில் பிறந்த துகளாக இருக்க வேண்டியதில்லை, 5 முதல் 10 ஜிஇவி எடையுள்ள கரும்பொருளே காற்றுவெளியில் சிதைந்திருக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார்கள். அப்படியானால் முடுக்கிகளில் அது அகப்படாமல் போனதற்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. கற்றையால் பிறந்தது இல்லையே. சரிபார்க்க வழியும் உண்டு: குகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிகழ்வுகள் கூட வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் குகைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஊகம் துணிச்சலானது, விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வுகளை நம்பி நிற்பது. இருந்தாலும், எந்தச் சோதனை நடந்தால் தான் பொய்யாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஊகம் என்ற மதிப்பு அதற்கு உண்டு.

முடுக்கியால் ஆகாதது ஒன்றும் உண்டு. பெல்-2இல் நாளையே மேடு எழுந்தாலும், தப்பியோடிய துகள் கருவியைத் தாண்டும் வரை உயிரோடிருந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அதற்கு ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி போதும். கரும்பொருள் 1,380 கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். பிறந்த துகளும் பால்வழியைப் பிணைத்துவைத்திருப்பதும் ஒன்றுதான் என்று நிறுவ, அதே எடையில் என்ஏ64இலும் குறைவு விழ வேண்டும், நிலத்தடியில் எலக்ட்ரான்களின் அசைவைப் பார்க்கும் சிலிக்கான் கருவிகளிலும் தட்டல் கேட்க வேண்டும், கலப்பின் அளவு வானம் சொல்லும் மிச்சத்தோடு பொருந்த வேண்டும். இதற்கிடையே செர்ன் 2024இல் ஷிப் என்ற புதிய அடைப்புச் சோதனைக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. அது 2030களின் தொடக்கத்தில் தரவு எடுக்கத் தொடங்கும் என்பது திட்டம். ஸ்லாக்கில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எடைபோடும் எல்டிஎம்எக்ஸ் என்ற சோதனை முன்மொழியப்பட்டுள்ளது. ஆற்றலோடு பக்கவாட்டு உதையையும் சேர்த்து அளப்பது அதன் கூடுதல் உத்தி. சூப்பர்கெக்பி இதுவரை சேர்த்திருக்கும் தரவு இலக்கில் ஒரு சிறு பங்குதான். மீதி அடுத்த பத்தாண்டுகளில் வர வேண்டியது.